அரக்குக் கோரா

ஜரிகை நான்காவது முறையாகப் பாய்ந்தபோது துரைக்கண்ணு இடுப்புத் துண்டோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். கூடத்தில் இரண்டு பூனைகளும் ஒரே பந்தாக உருண்டுகொண்டிருந்தன. துடைப்பத்தை நடுவில் விட்டுப் பிரித்தார். கோரா மகள் சந்தியாவின் அறைக்குள் ஓடி ஒளிந்தது. ஜரிகை அந்த அறைவாசலில் வாலை விறைத்துக்கொண்டு நின்று உறுமியது.

"இன்னாங்க, இது வீடா, இல்ல சண்டைக் கொட்டாயா?" அடுப்படியிலிருந்து பூவம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஞாயித்துக்கிழம பொண்ணும் மாப்பிள்ளையும் வராங்க. அதுக்குள்ள ஒண்ணு தென்னேரிக்குப் போயிடணும். என் தம்பிகிட்ட சொல்லிட்டேன்."

"எத அனுப்பச் சொல்ற?"

"நீங்களே முடிவு பண்ணுங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அவருக்கும் ரெண்டும் ஒன்றுதான். அதுதான் சிக்கல்.

ஆறு வருடங்களுக்கு முன்னால் கழிவு நூல் கூடைக்குள் கண் திறக்காமல் கிடந்த இரண்டு குட்டிகளைச் சந்தியாதான் கண்டுபிடித்தாள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சாயம் ஏறாத பட்டுக்குக் கோரா என்று பெயர். வெள்ளைக் குட்டிக்கு அதையே வைத்தாள். மஞ்சள் குட்டி ஜரிகை ஆனது. இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று சுருண்டு தூங்கும். எது முதலில் கண் விழிக்கும் என்று சந்தியாவும் அவரும் பந்தயம் கட்டுவார்கள். ஆவணியில் அவள் கல்யாணமாகி ஓசூருக்குப் போனாள். அதன்பிறகு அந்த வீட்டில் மிஞ்சிய சத்தம், இந்த இரண்டும் ஒன்றையொன்று துரத்தி விளையாடும் சத்தம் மட்டும்தான்.

எல்லாம் போன வாரம் திங்கட்கிழமை கெட்டுப்போனது. பிள்ளையார்பாளையத்தில் அவருடைய சாயப் பட்டறை வீட்டுக்குப் பின்னாலேயே இருந்தது. அரக்குச் சாயத் தொட்டியை ஆறவிட்டு அவர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, ஓட்டின் மேலிருந்து வெள்ளையாக ஒன்று சறுக்கி வந்து தொபுக்கென்று தொட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ கோரா" என்று அள்ளி எடுத்தார். மீசை முதல் வால் வரை அரக்கு. துவட்டி வீட்டுக்குள் கொண்டுவந்து விட்டார். ஜரிகை அருகில் வந்தது, மோந்து பார்த்தது, ஒரே அறை விட்டது.

"நிறம் மாறிப்போச்சு பூவு. அதான் அடையாளம் தெரியல" என்று தீர்ப்புச் சொன்னார். முப்பது வருடம் சாயம் போட்டவருக்கு உலகத்தில் உள்ள எல்லாக் கோளாறும் நிறக் கோளாறுதான்.

பூந்திக்கொட்டை ஊறவைத்து மூன்று தடவை குளிப்பாட்டினார். மூன்று தடவையும் தண்ணீர் தெளிவாகத்தான் ஓடியது. முழங்கை முழுக்கக் கீறலோடு நிமிர்ந்தவரின் முகத்தில் ஒரு பெருமிதம்.

"பாத்தியா? ஒரு சொட்டு எறங்கல. துரைக்கண்ணு போட்ட சாயம்."

"சிரிக்காதீங்க. பூனை போய் முள்ளம்பன்றி வந்திருக்குது" என்றாள் பூவம்மாள். நனைந்து காய்ந்த முடி சிலிர்த்து, அரக்கு உருவம் இரண்டு மடங்காகியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜரிகை இரண்டு மடங்கு ஆத்திரத்தோடு பாய்ந்தது.

இறக்க முடியாத நிறத்தை ஏற்றிவிடலாம் என்று அடுத்த நாள் அவருக்கு யோசனை வந்தது. இரண்டு பூனையும் ஒரே நிறமாகிவிட்டால் சண்டை ஏது? ஆனால் பட்டறைச் சாயத்தை ஜரிகை மேல் போட மனம் வரவில்லை. பீட்ரூட்டை வேகவைத்து, கரண்டியால் தூக்கித் தூக்கி வெளிச்சத்தில் நிறம் பார்த்து, ஜரிகைக்குப் பூசினார்.

"இன்னும் ரெண்டு பீட்ரூட்டு இருக்குதா? நிறம் ஒத்து வரல."

"இருந்துச்சு. மத்தியானம் பொரியலுக்கு."

செங்கல் நிறத்துக்கு மாறிய ஜரிகை பீரோ கண்ணாடியைக் கடந்தபோது தன்னையே பார்த்துவிட்டு அதோடும் சண்டைக்குப் போனது. அன்று முதல் வீட்டில் மூன்று பூனைகளின் சண்டை.

கடைசியில் சந்தியாவின் தோழி அபிநயாவுக்குப் போன் செய்தார். அவள் வாலாஜாபாத்தில் மாட்டு டாக்டர்.

"அங்கிள், பூனைக்குக் கலரெல்லாம் முக்கியமில்ல. ஸ்மெல்லுதான். பழகின துணி ஏதாவது எடுத்து ரெண்டையும் மாத்தி மாத்தித் துடைங்க. ரெண்டு நாள்ல சரியாயிடும்."

பழகின துணி என்றால் ஒன்றுதான் இருந்தது. சந்தியா காலேஜுக்குப் போட்டுப்போன நீலத் துப்பட்டா. அவள் விட்டுப்போன இடத்திலேயே, கதவுக் கொக்கியில், இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு அதை எடுத்து முதலில் கோராவைத் துடைத்தார். அடுத்து ஜரிகையை நெருங்கினார். ஜரிகை அவரை விட்டுவிட்டுத் துப்பட்டாவைப் பிடித்தது. கோராவும் வந்து மறுமுனையைப் பிடித்தது. துப்பட்டா இரண்டாகியது.

பூவம்மாள் இரண்டு துண்டுகளையும் மடித்துப் பீரோவில் வைத்தாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

அதற்குப் பிறகு கோராவைச் சந்தியாவின் அறையில் தனியாக வைத்தார்கள். தினமும் சாயங்காலம் பட்டறையை மூடிவிட்டு அவர் அங்கே போய் உட்காருவார். அரக்குப் பூனை தயங்காமல் மடியில் ஏறிக்கொள்ளும்.

"ஞாபகம் இருக்குதா கோரா? சந்தியா பரீட்சைக்குப் படிக்கறப்போ நீ புஸ்தகத்து மேலயே படுத்துக்குவ. உன்னைத் தூக்காம, நீ எழுந்திருக்கிற வரைக்கும் அந்தப் பக்கத்தையே படிச்சுக்கினு இருப்பா. அந்தப் பக்கத்துல இருந்துதான் கேள்வி வந்துச்சு."

பூனை தலையைச் சாய்த்துக் கேட்டது.

"இங்க்கு பில்லர்ல உனக்குப் பால் ஊத்துவா. நீ தும்மினேன்னு ஒரு நாள் ஸ்கூலுக்கே போவல."

பூனை கண்ணை மூடி ரசித்தது. கோரா இப்படிக் கதை கேட்டு அவர் பார்த்ததே இல்லை. வழக்கமாக இரண்டாவது வாக்கியத்திலேயே எழுந்து போய்விடும். கஷ்டம் வந்தால்தான் பாசம் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்.

"இன்னா இது, அடிவாங்கி அடிவாங்கி வயிறு ஒட்டிப்போச்சு?" என்றாள் காபி கொண்டுவந்த பூவம்மாள்.

அந்த நிமிடம்தான் அவர் முடிவு செய்தார். அடிப்பது ஜரிகை. அடிபடுவது கோரா. போக வேண்டியது ஜரிகைதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சினன் சத்யராஜ் பைக்கில் வந்து நின்றான். துரைக்கண்ணு மூடி போட்ட கூடையில் பழைய லுங்கியை விரித்து ஜரிகையை உள்ளே வைத்தார். கீறும் என்று எதிர்பார்த்தார். அது கீறவில்லை. அவர் கட்டைவிரலை ஒருமுறை நக்கியது.

"கூடப் பொறந்ததப் போய்க் கடிக்கலாமா?" என்றார். கூடையின் மூடியைச் சாத்தினார்.

"மாமா, ஏரிக்கரை வீடு. மீனு கெடைக்கும். ராஜா மாதிரி இருக்கும்பா" என்றான் சத்யராஜ்.

"மத்தியானம் சந்தியா வந்து கேட்டா இன்னா சொல்லுவீங்க?" பூவம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அனுப்பச் சொன்னவள் அவள்தான்.

துரைக்கண்ணு படியில் உட்கார்ந்தார். அரக்குப் பூனை வந்து அவர் மடியில் ஏறிச் சௌகரியமாகப் படுத்தது. கூடைக்குள்ளிருந்து ஜரிகை அதைப் பார்த்து உறுமியது. சத்யராஜ் கூடையைப் பைக்கில் வைத்துக் கட்டினான். கிக்கரில் கால் வைத்தான்.

அப்போதுதான் பின்வீட்டு மெஹதாப் சந்துவழியே மூச்சு வாங்க வந்தாள். டெய்லர் ஷரீஃபின் மனைவி. கையில் காலிக் கிண்ணம்.

"கொஞ்சம் பால் இருந்தா குடுங்கண்ணா. எங்க நவாபு விடியகாலைல பரண் மேல மூணு குட்டி போட்டுச்சு. ஆம்பளப் பூனை எப்படிடா குட்டி போடும்னு உத்துப் பாத்தா, அது உங்க கோரா. அப்ப ரெண்டு வாரமா எங்க நவாபு எங்க போச்சுன்னே தெரியல, அதுவும் இதே மாதிரி தும்பைப்பூ கணக்கா வெள்ளையா இருக்கும், நீங்க எங்கனா பாத்தீங்களா?"