சோகை உரிக்காமல் தப்பிக்க மூன்று இங்கிலீஷ் வார்த்தை

இந்த வருஷம் கரும்பில் சோகை உரிக்கப் போவதில்லை என்று தீனதயாளன் முடிவெடுத்துவிட்டார். சோகை என்கிற அந்தக் காய்ந்த தோகை கழுத்தை அறுக்கும். சுணை ஒட்டினால் சொறிந்து மாளாது. கச்சிராயபாளையத்திலேயே தன்னைவிட மென்மையான தோல் யாருக்கும் இல்லை என்பது அவர் கட்சி.

ஆயுதம் செல்போனில் கிடைத்தது. இங்கிலீஷ் சொல்லித்தரும் வீடியோ.

"இன்னாங்க, கரும்புக் கொல்லைக்குப் போவல?" என்றாள் மனைவி செந்தமிழ்ச்செல்வி.

"நான் அப்சார்ப்டு."

"அப்டின்னா?"

"மனசு ஒரு யோசனைல ஊறிப்போச்சி. வெளிய எடுக்க முடியாது."

மறுநாள் 'என்க்ரோஸ்டு'. மனசு முழுசாக முழுகிவிட்டதாம். அதற்கும் மறுநாள் பெரிய வெடி.

"ப்ரீஆக்குபைடு! நீ கேக்கறதுக்கு முன்னாலயே மனசுல எடம் புடிச்சாச்சி."

"யாரு அவ?"

"அவ இல்ல செல்வி, யோசன! டவுன் பஸ்ல துண்டு போட்டு எடம் புடிக்கறாப்ல. நீ பேசறது உள்ள ஏறவே மாட்டுது. சோத்துல ருசிகூட தெரியல, போயேன்!"

அந்தக் கடைசி வாக்கியம் தேவையே இல்லை. வாய் சும்மா இருந்தால்தானே.

"அய்ய, பாவம்!" என்றாள் செல்வி. முகத்தில் அத்தனை கருணை. மனுஷன் பயந்திருக்க வேண்டும். பூரித்துப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. செல்வி வளர்த்த சேவலை உரக்கடை நவுஷாத் பாயே பிஸ்மில்லா சொல்லி அறுத்துக் கொடுத்தார். அவர் சாப்பிட வருகிற நாளில் அந்த வீட்டில் அதுதான் வழக்கம். மிளகு வறுபட்ட வாசனையில் தீனதயாளனுக்கு நாக்கு ஊறியது.

பாய் இலையில் கறி. தீனதயாளன் தட்டில் பழைய சோறு.

"இன்னா செல்வி இது?"

"உங்களுக்குத்தான் ருசி தெரியலியே. கறிய எதுக்கு வீணாக்கிக்கினு?"

"ஈரலு சூப்பரு தங்கச்சி!" என்றார் பாய்.

தீனதயாளனுக்கு அழுகையே வந்துவிட்டது. கேட்டால் சோகை. கேட்காவிட்டால் கறி போச்சு. பாயின் கை லெக் பீஸ் பக்கம் நகர்ந்தது.

"தெரியுது! ருசி தெரியுது!"

"அந்த யோசன?"

"எறங்கிப் போயிடுச்சி!"

"அப்ப கொல்லைக்கு?"

"நாளைக்கே போறேன். பீஸப் போடு!"

சட்டி வழித்த பிறகுதான் எழுந்தார். விரலை நக்கிக்கொண்டே யோசித்தார். கூலியாட்கள் உரிக்கட்டும், வரப்பில் நின்று அதட்டினால் போதும், பொழுது போய்விடும்.

"செல்வி, நாளைக்கு எத்தினி ஆளு வராங்க?"

"யாரும் வரல. சேவல அறுக்கறதுக்கு முன்னாலயே ஆளுங்கள வேணாம்னு சொல்லிட்டேன்."