கண்ணாடியார் சொன்ன நல்ல செய்தி

படகு மெல்ல ஆடியது. தண்ணீரும் இல்லை, கரையும் இல்லை. பஞ்சு மாதிரி ஏதோ ஒன்றின்மேல் போய்க்கொண்டிருந்தது. ஒல்லிக் குரலில் ஒரு பெண் பாடினாள். பாடிக்கொண்டே காதருகே வந்தாள். இவ்வளவு நல்ல பாட்டுக்குக் கை தட்டாமல் இருப்பது மரியாதையா? கண்ணாடியார் கை தட்டினார்.

ஊரே சேர்ந்து தட்டியது. திடுக்கிட்டு விழித்தவர், ஏன் என்று தெரியாமலே எழுந்து நின்றுவிட்டார்.

படகைக் காணோம். சேவைச் சங்கத்தின் வாராந்தரக் கூட்டம்தான் இருந்தது. மேலே மின்விசிறி அரைமனதாகச் சுற்றியது. பிற்பகல் வெயில் திரைச்சீலை வழியே மஞ்சளாக வழிந்தது. உறுப்பினர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தலைவர் உரை முடிந்ததும் ஒவ்வொருவராக எழுந்து அந்த வாரத்து நல்ல செய்தியைச் சொல்ல வேண்டும். பேத்திக்குப் பல் முளைத்தது, தொட்டியில் ரோஜா பூத்தது, எதுவானாலும் சரி. சொல்லி முடித்ததும் மற்றவர்கள் கை தட்ட வேண்டும். அப்படியென்றால், எழுந்து நிற்கிற இவர் ஏதோ சொல்லி முடித்திருக்கிறார். என்ன சொல்லித் தொலைத்தோம் என்று யோசித்துப் பார்த்தார்; படகுதான் ஞாபகத்துக்கு வந்தது.

கேட்கவும் வழியில்லை. போன மாதம்தான் தலைவர் மேசையைக் குத்திச் சொல்லியிருந்தார். "கூட்டத்துல தூங்கறவங்களுக்கு இந்தச் சங்கத்துல இடமே இல்லை!"

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கண்ணாடியாருக்கு வீட்டில் தூக்கம் வருவதில்லை. மகளைக் கட்டிக்கொடுத்து வீடு அமைதியானதிலிருந்தே அப்படி. தலையணையை மாற்றிப் பார்த்தார், கட்டிலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். கூரையைப் பார்த்தபடியே விடியும். ஆனால் இந்த ஹாலில், இந்த மர நாற்காலியில், தலைவர் "அன்பர்களே" என்று இழுத்ததும், யாரோ பிரியமாக வந்து இமையை மூடிவிடுவார்கள். வாரம் முழுவதுக்கும் அவர் தூங்குகிற தூக்கம் அது ஒன்றுதான். அதையும் பறிகொடுத்தால் மனுஷன் என்ன ஆவது?

"எல்லாம் உங்க அன்பு" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையில் சின்னதாய் ஒரு சிவப்புப் பொட்டு. பேனா மை போலிருக்கிறது என்று கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

பக்கத்து நாற்காலிப் பல் டாக்டரின் வாயை மெல்லக் கிளறினார். "டாக்டர், நான் சொன்னது சரியாத்தானே இருந்துச்சு?"

டாக்டர் வாயோரத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் கண்கள் சிவந்திருந்தன. "சரியாவா! கண்ணே கலங்கிடுச்சு. இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்?"

போச்சு, எதையோ தானம் செய்திருக்கிறோம் என்று கண்ணாடியாருக்குப் புரிந்தது.

அந்தப் பக்கம் திரும்பினார். ஓய்வுபெற்ற டீச்சரின் மூக்குக்கண்ணாடி மோவாய்வரை இறங்கிக் கிடந்தது. தன் கடையில் வாங்கியதுதான். திருகாணி அதற்குள் தளர்ந்துவிட்டதே என்று வெட்கப்பட்டார்.

"உங்களுக்கு எப்படிப் படுது டீச்சர்?"

"குழந்தைங்களுக்கு ரொம்பப் பயன்படும்" என்றார் டீச்சர், கண்ணாடியை அவசரமாக மேலே தள்ளி.

தலைவர் தொண்டையைச் செருமினார். "சரி, கண்ணாடியார் சொன்னதை எங்க வச்சுக்கலாம்?"

மாட்டிக்கொள்ளாமல் பதில் சொல்ல வேண்டும். "தலைவர் எங்க சொல்றீங்களோ, அங்க."

"அப்ப உங்க வீட்டு மாடியிலயே வச்சுக்கலாம்!"

கைதட்டல். கட்டட மேஸ்திரி எழுந்தார். "அங்க ஒரு குறுக்குச் சுவர் இருக்கு. இடிச்சுத் தர்றது என் பொறுப்பு. பக்கத்துத் தெருவுலதான் நம்ம ஆளுங்க நிக்கறாங்க, இப்பவே அளக்கச் சொல்றேன்." சொன்ன கையோடு போனை எடுத்தார்.

பேக்கரிக்காரர் எழுந்தார். "தினமும் ரொட்டி நான் தர்றேன்."

"நான் பல்லைப் பாத்துக்கறேன்" என்றார் டாக்டர்.

ஒவ்வொருவர் உட்காரும்போதும் கைதட்டல். கண்ணாடியாரும் தட்டினார். வேறு என்ன செய்வது?

வாசலருகே நின்ற டீக்கார அம்மா அப்போதுதான் உள்ளே வந்து எல்லோருக்கும் டீ கொடுத்தாள். தலைவர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "என்னம்மா, பச்சைத் தண்ணியா இருக்கு?"

"போட்டு எவ்வளவு நேரமாச்சு! தட்டோட நின்னு நின்னு என் கால்தான் மரத்துப்போச்சு" என்று அவள் முணுமுணுத்தாள்.

கண்ணாடியாரின் போன் அதிர்ந்தது. மனைவி. மூலைக்குப் போய் எடுத்தார்.

"ஏங்க, யாரோ ரெண்டு பேர் நம்ம மாடியை டேப் வச்சு அளக்கறாங்க. என்ன வரப்போகுது அங்க?"

"நல்ல விஷயம்தான்."

"நல்ல விஷயம்னா?"

"குழந்தைங்களுக்குப் பயன்படும்."

"பொருளா, ஆளா?"

"ரொட்டி சாப்பிடும்."

"கடிக்குமா?"

"டாக்டர் பல்லைப் பாத்துக்கறேன்னு சொல்லியிருக்காரு."

அவள் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் குரல் இறங்கித்தான் போனது. "அது நம்ம பொண்ணு ரூமுங்க. வந்தா எங்க தங்குவா?"

கண்ணாடியார் போனை வைத்தார். மகள் போன நாளிலிருந்து அந்த அறையின் போர்வையைக்கூட அவர் மடித்ததில்லை. தூக்கம் போனால் போகட்டும், சங்கத்தை விட்டு விரட்டினால் விரட்டட்டும். விறுவிறுவென்று ஹாலின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் மன்னிக்கணும். நான் ஒரு உண்மையைச் சொல்லியாகணும். கை தட்டினதுக்கு முன்னாடி இங்க நிஜமா என்ன நடந்துச்சுன்னா..."

தலைவரின் முகம் வெளுத்தது. டாக்டர் ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். டீச்சர் கைப்பைக்குள் எதையோ தேடினார். எங்கோ கனவில் நடப்பதுபோல இருந்தது கண்ணாடியாருக்கு.

"அதையெல்லாம் எதுக்குச் சொல்லிக்கிட்டு!" என்று தலைவர் துள்ளி எழுந்தார். "எங்களுக்குத் தெரியாதா? நாங்கதான் கண்கொட்டாம கேட்டுக்கிட்டே இருந்தோமே! இப்படிப்பட்டவரையே அடுத்த தலைவரா அறிவிக்கிறேன். கூட்டம் முடிஞ்சுது!"

இருப்பதிலேயே பெரிய கைதட்டல். அது அடங்குவதற்குள் ஹால் காலியாகிவிட்டது. யாரும் அவர் முகத்தைப் பார்க்க நிற்கவில்லை.

கண்ணாடியார் தன் நாற்காலியில் தொப்பென்று விழுந்தார். வெயில் சுவரேறிப் போயிருந்தது. டீக்கார அம்மா மட்டும் கோப்பைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? "அம்மா, நீங்க வாசல்லயேதானே நின்னீங்க? ஒண்ணு கேக்கறேன், சிரிக்கக் கூடாது. நான் என்ன செய்தி சொன்னேன்?"

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவரை விநோதமாகப் பார்த்தாள்.

"நீங்க எங்க சார் சொன்னீங்க? தலைவர் 'அன்பர்களே'ன்னு ஆரம்பிச்சு அப்படியே கண்ணசந்துட்டாரு, வாராவாரம் மாதிரி எல்லாரும் தூங்கிட்டீங்க, நீங்க தூக்கத்துல கொசு அடிச்ச சத்தத்துலதான் அத்தனை பேரும் முழிச்சுக் கை தட்டினாங்க. அடுத்த வாரம் கொசுவத்தி ஏத்தி வைக்கிறேன், நிம்மதியாத் தூங்குங்க!"