டார்ச்சை இங்கே பிடி!

எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்பவர் என்றொரு இனம் உண்டு. டொராண்டோவில் எங்கள் போர்த்துகீசியத் தெருவில் தடுக்கி விழுந்தால் அப்படி ஒருவர் மேல்தான் விழவேண்டும். விழுந்து கால் முறிந்தாலும் கவலை வேண்டாம், மிச்சம் கிடக்கும் பிளைவுட்டை வைத்து அவரே கட்டிவிடுவார்.

இந்த இனத்துக்கு ராஜா ஜெர்வாசியோ. போன வாரம் காலமானார். போர்த்துகலின் அஸோர்ஸ் தீவிலிருந்து ஒரு பெட்டியும் ஒரு ரசமட்டமுமாக வந்து இறங்கியவர். பகலெல்லாம் ஊரான் கட்டிடத்துக்குக் கான்கிரீட் போட்டு, சாயங்காலம் தன் வீட்டைக் கட்டி, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அடுத்தவர் வீட்டை அவர்கள் கேட்காமலே ரிப்பேர் செய்து, நடுவில் மூன்று பெண்களை வளர்த்துக் கட்டிக்கொடுத்து, ஆளுக்கொரு அடுப்படியும் கட்டிக்கொடுத்தார். எப்போது தூங்கினார்? பிரசங்கத்தின்போது.

எதையும் எறியமாட்டார். வளைந்த ஆணி, அறுந்த சைக்கிள் டியூப், இடித்த ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த கைப்பிடி எல்லாம் காப்பி டப்பாக்களில் இருக்கும். மனைவி இதலினாவிடம் பாசமாக ஒரு வார்த்தை சொல்லியிருப்பாரா? கிடையாது. அவள் இருமினால் எழுந்து போய் ஜன்னல் இடுக்கை அடைப்பார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த காதல்.

இந்த இனத்துக்கு உதவியாள் ஆகாது. டார்ச் பிடிக்க மட்டும் ஓர் ஆள் வேண்டும். அப்படி வாய்த்தவன் மூத்த மருமகன் நோர்பெர்ட்டோ. ஊரிலேயே பேர்போன பல் டாக்டர். ஆயிரம் பேர் பல்லில் துளை போட்டவனை, மாமனார் தன் வீட்டுச் சுவரில் ஒரு துளை போட விட்டதில்லை. இருபத்திரண்டு வருஷமாக அவனுக்குக் கிடைத்ததெல்லாம் இதுதான்: "இங்கே பிடி மாப்ளே! அங்கே இல்ல, இங்கே! என் கண்ணுக்குள்ள அடிக்கிறியே, நான் என்ன திருடனா?"

ஏழாம் நாள் பூசை முடிந்து அறுபது பேர் கீழ்த்தளத்தில் சாப்பிட உட்கார்ந்தார்கள். மேலே உள்ள அடுப்படி எங்கள் தெருவில் பார்வைக்கு; சமைப்பது கீழே. கருவாடும் உருளைக்கிழங்கும் கொதித்துக்கொண்டிருந்தன. அப்போது பார்த்துச் சுவரோரக் குழாய் பிய்த்துக்கொண்டது. நயாகரா என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்குத் தம்பி.

மூத்த மகள் லூர்தெஸ் ஒயின் பீப்பாய்களுக்குப் பின்னால் ஓடிப்போய்ப் பார்த்தாள். "அம்மா, வால்வு குறுக்கேதான் நிக்குது. மூடியிருக்கு! அப்புறம் எப்படிம்மா கொட்டுது? நான் ப்ளம்பரைக் கூப்பிடறேன்."

"வச்சிடு போனை!" என்றாள் இதலினா. "நாப்பத்தோரு வருஷமா இந்த வீட்டுல வெளியாள் ஸ்பேனர் வச்சதில்ல. அந்த மனுஷன் போயி ஏழு நாள்தான் ஆச்சு. ஒருத்தன் உள்ள வந்தான்னா, நான் போய் அவர் பக்கத்துலயே படுத்துக்குவேன்."

தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. அறுபது பேரும் தட்டோடு நாற்காலி மேல் ஏறினார்கள். சாப்பிடுவதை யாரும் நிறுத்தவில்லை.

நோர்பெர்ட்டோ மட்டும் பீப்பாய்ப் பக்கம் போனான். அந்த வால்வு அவனுக்குத் தெரியும். அதன் கைப்பிடி உடைந்தபோது ஆஸ்பத்திரிக் கைப்பிடியை மாமனார் திருப்பி மாட்டிவிட்டார். ஊர் உலகத்தில் குறுக்கே நின்றால் மூடியது. இந்த வீட்டில் குறுக்கே நின்றால் திறந்தது. "தப்பா இருக்கே மாமா" என்று அவன் சொன்னதற்கு, "வால்வு சரியாத்தான் இருக்கு, நீதான் கோணலா நிக்கிறே" என்று பதில் வந்திருந்தது.

நேராகத் திருப்பினான். தண்ணீர் நின்றது.

அதோடு விட்டிருக்கலாம். விடுவானா? காப்பி டப்பாவைக் கவிழ்த்தான். சைக்கிள் டியூப் எடுத்தான், கம்பி எடுத்தான், குழாயடியில் மல்லாந்து படுத்தான். பக்கத்து நாற்காலியில் நின்றிருந்த பாதர் சில்வேரியோ பாவம் என்று இறங்கிவந்து டார்ச் பிடித்தார்.

"இங்கே பிடிங்க பாதர்! அங்கே இல்ல, இங்கே! என் கண்ணுக்குள்ள அடிக்கிறீங்களே, நான் என்ன திருடனா?"

நாற்காலி மேல் நின்றவர்கள் அப்போதுதான் சாப்பிடுவதை நிறுத்தினார்கள். பாதர் தலையைக் குனிந்துகொண்டு சரியான இடத்தில் பிடித்தார்.

இதலினா இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஜெர்வாசியோவின் கண்ணாடிக் கோப்பையில் ஒயினை ஊற்றி, குழாயடியில் நீட்டிக்கொண்டிருந்த கால் பக்கத்தில் வைத்தாள். "மாப்ளே, முடிஞ்சதும் மேல அந்தக் கதவையும் கொஞ்சம் பாருங்க. அவரு போனதுலேருந்து கிறீச்சிடுது."

வேலை முடிந்தபோது இரண்டு திருகாணி மிச்சம். நோர்பெர்ட்டோ அவற்றை ஊதித் துடைத்து டப்பாவுக்குள் போட்டான். வேறு என்ன செய்வான்?

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டுப் பரண்மேல் இருக்கும் அந்தப் பழைய பிஸ்கட் டப்பாவைத் திறந்து பாருங்கள். உள்ளே பிஸ்கட் இருந்தால் நீங்கள் தப்பித்தீர்கள்.