பெண் வீட்டுக்குப் போன மூச்சு

அன்பு மகன் தினேஷுக்கு, பெரிய காஞ்சிபுரத்திலிருந்து அப்பா வீரபாகு எழுதுவது. நான் நலம், முட்டி நலமில்லை. நீ நலமா என்று கேட்க மாட்டேன். போன தடவை கேட்டதால்தான் இத்தனை வினையும். முதலில் மானக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன்: உன் ஜாதகத்தோடு உன் மூச்சையும் பெண் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

நீ விமானப்படையில் பைலட்டாய்ப் போனதிலிருந்து, எப்போது விசாரித்தாலும் செல்போனில் கட்டைவிரல் படம் அனுப்புவாய். அன்றைக்கு மட்டும் மலைமலையாய் ஏறி இறங்கும் ஒரு கோடு வந்தது. ‘பறக்கும்போது எங்க மூச்சை அளக்கிறாங்கப்பா. அதை வெச்சுத்தான் புது ஆக்சிஜன் கருவி செய்வாங்க. இப்படித்தான் வரும். பிஸி’ என்று எழுதியிருந்தாய். பிள்ளை பேசாவிட்டால் என்ன, மூச்சு விட்டிருக்கிறானே என்று ஜான்சன் போட்டோ கடையில் பெரிதாக்கி, லேமினேட் போட்டு, காமாட்சி அம்மன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். உன் அக்கா சங்கீதாவின் பிரசவத்துக்கு உன் அம்மா ஓசூர் போனபின் வீட்டில் பேச ஆள் ஏது? தினமும் காபியோடு அதன் முன் உட்கார்ந்து “சாப்பிட்டியாடா?” என்பேன். பதில் வராது. அதனாலேயே உன் மூச்சுதான் என்று உறுதியாகிவிட்டது.

பெண்ணின் அப்பா பரமசிவம் வீட்டில் பூ, பழத்தோடு அதையும் தட்டில் வைத்தேன். அவர் கண்ணாடியை மாட்டி, “இன்னாம்மா, இசிஜி கொண்ணாந்துக்கிறாரு? பையனுக்கு ஹார்ட்டு வீக்கா?” என்று மனைவியிடம் கிசுகிசுத்தார். “மூச்சுங்க” என்றேன். “அப்போ வீசிங்கா?” என்றது அந்தம்மா. நான் விடுவேனா? “மேல காத்து கம்மியா இருக்குதுபா! எம்புள்ள எவ்ளோ இழுக்கிறான்னு பார்த்துத்தான் மத்த பைலட்டுக்கெல்லாம் காத்து வெக்கப் போறாங்க!”ன்னு கத்திட்டேன். “ஊர் காத்தெல்லாம் இவனே இழுத்துட்டா எம்பொண்ணுக்கு?”ன்னுச்சு அந்தம்மா. காபி வர்றதுக்குள்ள தெருவுல நின்னுக்கினு இருந்தேன்.

உண்மையைச் சொல்லட்டுமா? பெண் பார்த்தது உனக்காக இல்லைடா. மருமகள் வந்தால் அவளாவது உன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்வாளே என்றுதான். படத்தைத் திரும்ப மாட்டிவிட்டேன். நடுவில் ஓரிடத்தில் கோடு அசையாமல் கிடக்கிறது. அங்கே நீ எங்களை நினைத்திருப்பாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

காமாட்சி உன்னை எந்த உயரத்திலும் நிறைய இழுத்து, நிதானமாய் விட வைக்கட்டும்.

இப்படிக்கு,
அப்பா வீரபாகு

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் பரமசிவத்தின் மகள் காயத்ரி போன் செய்தாள். இன்ஜினியரிங் படித்த பெண். “தப்பா நினைக்காதீங்க மாமா, அது ஆள் மூச்சு இல்லை. கருவி சரியா இருக்குதான்னு பார்க்க மாஸ்க்கை ஒரு பொம்மைக்கு மாட்டி, மெஷினால மூச்சு விட வெப்பாங்க. படத்துக்குக் கீழேயே இங்கிலீஷ்ல போட்டிருக்குது” என்றாள். ஜவுளிக்கடை வாசலில் புடவை கட்டி நிறுத்துவார்களே, அந்த மாதிரியாம். ஆனால் தலை மட்டும்தானாம். நெஞ்சு கிடையாதாம்.