முழுத் தீனி எலிகள்

"சார், மூணாம் கூண்டு எலி இன்னும் எட்டு கிராம் குறைஞ்சிருக்கு" என்றார் ஆய்வுக்கூட உதவியாளர் அய்யாக்குட்டி, தராசிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"முழுத் தீனி எலியா, பாதித் தீனி எலியா?"

"முழுத் தீனி எலிதான் சார்."

பேராசிரியர் குற்றாலிங்கம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தென்காசிக் கல்லூரி ஒன்றின் விலங்கியல் கூடத்தில் இருபது வெள்ளெலிகள் அவர் பொறுப்பில் இருந்தன. பத்துக்கு வயிறு நிறையத் தீனி, பத்துக்குப் பாதி. குறைவாகத் தின்றால் முதுமை தள்ளிப்போகும், ஆயுள் கூடும் என்று காட்டுவதுதான் ஆராய்ச்சி. பாதித் தீனி எலிகள் இளைப்பது நியாயம். முழுத் தீனி எலிகளும் இளைத்தால் எதை எதோடு ஒப்பிடுவது?

ஆடியில் மதுரையிலிருந்து டாக்டர் விஸ்வேஸ்வரன் பார்வையிட வருகிறார். அவர் தலையசைத்தால்தான் கூண்டுகள் அங்கே இருக்கும்.

"எலிக்குள்ள பால்பவுடரு மாவ நீரு வீட்டுக்கு எடுத்துட்டுப் போறீரா?" என்று அய்யாக்குட்டியைக் கேட்டார்.

"நான் ஏன் சார் எலிச் சாப்பாட்டுல கைவைக்கேன்? எனக்குப் பாலில்லாத கட்டஞ்சாயா போதும்."

குற்றாலிங்கத்துக்கு நம்பிக்கை வரவில்லை. கூடத்திலிருந்த தீனி டப்பாவைக் குத்துக்கல்வலசை வீட்டுக்கே கொண்டுபோய்விட்டார். மாவு எப்போதும் அவர் வீட்டில்தான் தயாராகும். வேலைக்கு வரும் உலகம்மை கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை எல்லாவற்றையும் மில்லில் திரித்து வந்து பால்பவுடர் கலப்பாள். இனி அன்றாடம் வேண்டியதைத் தானே சுமந்துபோவது என்று முடிவு செய்தார்.

ஒரே வாரத்தில் எலிகள் முன்னைவிட மெலிந்தன.

"சேர்மானம் பத்தாது" என்று தீர்மானித்து நிலக்கடலையையும் பால்பவுடரையும் இரண்டு மடங்காக்கினார். எலிகளுக்கு இப்போது முடியும் கொட்டத் தொடங்கியது.

ஆனாலும் அவர் தைரியம் குறையவில்லை. காரணம், அவரிடம் இருபத்தோராவது எலி ஒன்று இருந்தது. அது அவரேதான். சித்திரையிலிருந்து நாலு இட்லியை இரண்டாக்கியிருந்தார். இரவில் சோறு கிடையாது, ஒரே ஒரு அடை.

"எலி பட்டினி கிடந்தா அது விதி. உங்களுக்கு என்ன வந்துது?" என்று மனைவி கோமதியம்மாள் முதல் நாள் கேட்டாள்.

"பட்டினி இல்ல கோமதி. ஆயுசு."

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. பேசாததே சம்மதம் என்று அவர் எடுத்துக்கொண்டார். மூன்று மாதத்தில் கன்னம் மினுங்கிற்று. பேண்ட் இடுப்பில் இறுகிற்று.

விஸ்வேஸ்வரன் வந்த அன்று நல்ல சாரல். முதலில் அவரைச் செண்பகாதேவி அருவிக்கு ஏற்றிக் கூட்டிப்போனார். ஐந்து வயது இளையவரான விருந்தாளி வழியில் நாலு இடத்தில் உட்கார்ந்தார். குற்றாலிங்கம் ஓரிடத்திலும் உட்காரவில்லை.

கல்லூரியில் விஸ்வேஸ்வரன் கூண்டுகளை வெகுநேரம் பார்த்தார்.

"இது பாதித் தீனிதானே?"

"இல்ல, முழுசு."

"அப்ப இந்தப் பக்கம் இருக்கறது?"

"அதுதான் பாதி."

"எனக்கு வித்தியாசம் தெரியலையே, சார்."

அய்யாக்குட்டி ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாடு வீட்டில். இலை முன்னால் உட்கார்ந்ததும் குற்றாலிங்கம் மார்பை நிமிர்த்தினார்.

"எலிய விட்டுத்தள்ளுங்க சார். என்னயப் பாருங்க. மூணு மாசமா பாதிச் சாப்பாடு. எடை மூணு கிலோ கூடியிருக்கு. மலை ஏறினத நீங்களே பாத்தீங்க."

விருந்தாளி கையிலெடுத்த அப்பளத்தைக் கீழே வைத்தார்.

"பாதிச் சாப்பாட்டுல எடை கூடுச்சா? உலகத்துல யாரும் இதச் சொன்னதில்லையே."

"அதான் சொல்லுதேன். எலிக்கும் மனுசனுக்கும் உடம்பு வேற."

விஸ்வேஸ்வரன் இடக்கையால் பையைத் துழாவிக் குறிப்பேட்டை எடுத்தார். ஆராய்ச்சியைத் தொடரலாம், எலிகளை விட்டுவிட்டு மனிதர்களிடம் தொடரலாம், பேராசிரியரையே முதல் சான்றாகக் காட்டலாம் என்று சொல்லிக்கொண்டே போனார். குற்றாலிங்கம் மனைவியைப் பார்த்தார். அவள் ஏனோ ரசவாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது மில்லிலிருந்து திரும்பிய உலகம்மை தூக்குவாளியோடு கொல்லை வாசலில் நின்று குரல் கொடுத்தாள்.

"யக்கா, மாவு திரிச்சாச்சு. எப்பவும்போல பால்பவுடரு கலந்தத சாரு அடைக்கு எடுத்து வச்சிட்டு, எலிக்குத் தவிட்ட அள்ளிப் போடட்டா?"