மங்காஃப் தங்கையைப் பார்க்க வியன்னாவுக்கு

ஒரு குடும்பத்தில் எல்லாரும் ஒரே ஆளை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறார்கள் என்றால், அந்த ஆள் ஒரு தடவையாவது குப்புற விழுவதைப் பார்க்க எல்லாருக்கும் உள்ளூர ஆசை என்று பொருள். எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான். பொறுப்பு, தேதி.

யார் கல்யாணம் எந்தக் கிழமை, பழைய காரை எப்போது விற்றோம், சுமதிக்குப் பித்தப்பையில் கல் எடுத்தது தீபாவளிக்கு முன்னா பின்னா, எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். நானும் யோசிக்காமல் சொல்லிவிடுவேன். (அன்று மழை பெய்தது என்பதையும் சேர்த்துச் சொல்வேன். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.) அமீரகத்தில், அல் ஐனில், ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்குத் தணிக்கை என் பிழைப்பு. சரித்திரம் படிப்பது என் திமிர்.

சுமதி என் மனைவி. அவளுக்கு ஒரே தங்கை, வித்யா. குவைத்தில் மங்காஃபில் இருக்கிறாள். அங்கே ஓர் இந்தியப் பள்ளியில் டீச்சர். அவள் கணவர் கணேசன், என் சகலை, எண்ணெய் ஆலையில் பராமரிப்பு இன்ஜினியர். விமானம் ஏறினால் ஒரு தூக்கத்துக்குள் போய்விடலாம் என்கிற தூரத்தில் இருந்துகொண்டு, அக்காவும் தங்கையும் நேரில் பார்த்து வருடக்கணக்காகியிருந்தது. எங்களுக்கு லீவு கிடைக்கும்போது அவர்களுக்குக் கிடைக்காது. இரண்டு வீட்டுக்கும் சேர்ந்து கிடைத்தால் திருச்சிக்குப் போவோம். அங்கே இறங்கியதும் சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கையைப் பிடித்து இருவரையும் எதிரெதிர்த் திசையில் இழுத்துப் போய்விடுவார்கள்.

"நீ இங்க வாயேன்டி" என்று சுமதி போனில் கூப்பிட்டுப் பார்த்தாள்.

"வந்தா நீ அடுப்படியிலயே நிப்ப. டிக்கெட் போட்டு வந்து உன் முதுகைப் பார்த்துட்டுப் போகணுமா?"

"அப்ப நான் அங்க வர்றேன்."

"அங்க நான் நிப்பேன்."

இருவருக்குமே அடுப்படி இல்லாத ஊர் ஒன்று தேவைப்பட்டது இப்படித்தான். பிள்ளைகள் எல்லாரும் கல்லூரி விடுதிகளில் இருந்தார்கள். ஐரோப்பாவில் ஏதாவது ஒரு நகரம், ஒரு வார இறுதி, நாங்கள் நாலு பேர். கணேசன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார்: "லீவுல மட்டும் கை வைக்காதீங்க அண்ணே. பிளாண்டை நிறுத்திப் பழுது பார்க்கிற ஷட்டவுன் நேரம், லீவே கிடையாது. வீக்கெண்டுக்குள்ள போயிட்டு வந்துடணும்." நகரத்தைத் தேர்ந்தெடுத்துத் திட்டம் போடும் வேலை யாரிடம் வந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் அதை ஒரு மாநாடாகவே நடத்தினேன். வாட்ஸப்பில் குழு தொடங்கினேன். தினம் ஒரு நகரம், அதன் வரலாறு, அதில் நிகழ்ந்த முற்றுகைகள். ரோம் வேண்டாம் என்று நானே தள்ளினேன். இரண்டு நாளில் ரோமைப் பார்ப்பது அந்த ஊரை அவமதிப்பது. பாரிஸ் என்றார் கணேசன். ஏன் என்றால், "ஆபீஸ்ல சொன்னா எல்லாருக்கும் தெரியணும்ல?" கூட்டம் என்று பெண்கள் மறுத்தார்கள். லிஸ்பனைப் பற்றி எழுதும்போது அதன் பழைய நிலநடுக்கத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதிவிட்டேன். அதோடு லிஸ்பன் போயிற்று.

பெண்கள் கேட்டது ஒன்றே ஒன்று. "எங்கயாவது உட்கார்ந்தா எழுப்பி விடக் கூடாது அத்தான், அவ்வளவுதான்" என்றாள் வித்யா. அப்படித்தான் வியன்னா வந்தது. ஒரு காபியை வாங்கிக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தாலும் முகம் சுளிக்காத காபிக்கடைகள் உள்ள ஊர். இரண்டு பக்கமிருந்தும் நேர் விமானம் உண்டு. எனக்கு வேறொரு காரணமும் இருந்தது: உச்சிவேளையில் பொம்மைகள் வரிசையாக ஊர்வலம் போகும் ஒரு பெரிய கடிகாரம் அங்கே இருக்கிறது. முதல் நாள் மத்தியானம் அதன் கீழே நால்வரும் சந்திப்பது, மறுநாள் உச்சிவேளையில் ஊர்வலம் பார்ப்பது என்று திட்டத்தில் எழுதினேன்.

அந்த மகிழ்ச்சியில் குழுவில் ஒரு சொற்பொழிவும் செய்தேன். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் நாட்காட்டியைத் திருத்தினார்கள், சில நாடுகள் ஏற்றன, சில ஏற்கவில்லை, அதனால் ஓர் எல்லையைத் தாண்டினால் தேதியே மாறிவிடும் என்று நீளமாக எழுதினேன்.

"அப்ப பக்கத்து நாட்டுல பொண்ணு பார்க்கப் போறவன் என்ன அண்ணே பண்ணுவான்?" என்று கேட்டார் கணேசன்.

அறியாத பிள்ளை என்று சிரித்துக்கொண்டேன்.

டிக்கெட்டை அவரவர் ஊரிலிருந்து அவரவர் போட்டுக்கொண்டோம். "நீங்க சொன்ன அதே வீக்கெண்டுக்குப் போட்டாச்சு" என்று கணேசன் ஒரு கட்டைவிரல் படத்தையும் அனுப்பினார். கடைசி வாரம் அக்காவும் தங்கையும் ஒரு காரியம் செய்தார்கள். தினமும் பேசுகிறவர்கள், போனை நிறுத்திவிட்டார்கள். "இப்பவே பேசித் தீர்த்துட்டா அங்க போய் என்ன பேசறது? சேர்த்து வைக்கிறோம்" என்றாள் சுமதி. அந்த வாரம் எங்கள் வீடு வெயிட் போடாத குக்கர் மாதிரி இருந்தது. ஆவி மட்டும் வந்துகொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை. அரை நாள் டியூட்டி முடித்து வந்து, ரசம் சாதம் சாப்பிட்டு, கைலியோடு சோபாவில் சாய்ந்திருந்தேன். மறுநாள் காலை துபாயிலிருந்து விமானம். பெட்டி கதவோரம் தயாராக நின்றது. போனில் வீடியோ அழைப்பு. வித்யா. அவள் பின்னால், பச்சை நிறத்தில், பொன் முலாம் பூசின ஒரு பிரம்மாண்டமான கடிகாரம்.

"அத்தான், பொம்மையெல்லாம் வந்துட்டுப் போயிடுச்சு. எங்க இருக்கீங்க? எந்தப் பக்கம்?"

எழுந்து உட்கார்ந்தேன். "எந்தப் பக்கம்னா?"

"நாங்க பெட்டியோட கீழதான் நிக்கிறோம். கை தூக்கறேன் பாருங்க."

அவள் கையைத் தூக்கினாள். நானும், எதற்கென்று தெரியாமல், அல் ஐனில் என் கையைத் தூக்கினேன்.

"அண்ணே" என்று கணேசனின் முகம் நுழைந்தது. "என்ன, கைலில இருக்கீங்க? இங்க குளிரு."

"நீங்க ஏன் இன்னிக்கே போனீங்க?"

"இன்னிக்கேவா? நேத்து வியாழன் டியூட்டி முடிச்சுக் கிளம்பினோம். வெள்ளி, சனி. வீக்கெண்டுதானே சொன்னீங்க?"

வாழ்க்கையில் சில கணங்களில் ரத்தம் தலையிலிருந்து இறங்குவது காதால் கேட்கும். இது அப்படி ஒரு கணம். முன்பு எங்களுக்கும் வெள்ளி, சனிதான் விடுமுறை. பிறகு அமீரகம் அதைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது. குவைத் மாற்றவில்லை. இது எனக்குத் தெரியாததா? மாறிய நாளன்று ஆபீஸில் எல்லாரையும் நிறுத்தி வைத்து விளக்கம் சொன்னவனே நான்தான். ஆனால் என் திட்டத்தில் கிழமையே இல்லை. 'முதல் நாள்', 'இரண்டாம் நாள்' என்று கல்வெட்டு மாதிரி எழுதி வைத்திருந்தேன். நாங்கள் நால்வரும் தங்க நான் பிடித்திருந்த வீட்டுக்கும் சனிக்கிழமைதான் சாவி கொடுப்பார்கள்.

சுமதி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். என் கைலியைப் பார்த்தாள். பிறகு போனை என் கையிலிருந்து வாங்கி, மிக மெதுவாகக் கேட்டாள்.

"வித்தி, உனக்குத் திரும்பற ஃப்ளைட் எப்ப?"

"நாளைக்கு சாயந்திரம்க்கா."

நாங்கள் இறங்குவது நாளை மத்தியானம். அன்றிரவு விமானங்களில் இடம் தேடினேன், எதிலும் இல்லை. சுமதி அதற்குப் பிறகு என்னிடம் பேசியது மறுநாள் வியன்னா விமான நிலையத்தில், பாஸ்போர்ட் வரிசையில்தான். வரிசை பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. "நகரச் சொல்லுங்க" என்றாள். யாரை என்று கேட்கும் தைரியம் எனக்கில்லை. அவளே "மை சிஸ்டர், மை சிஸ்டர்" என்று சொல்லிக்கொண்டு ஒரு ஜப்பானியக் குழுவைப் பிளந்து முன்னேறினாள். வெள்ளத்தில் மிதக்கும் கட்டை போல நானும் பின்னால் போனேன்.

அதிகாரி எங்களை நிதானமாகப் பார்த்தார். வந்த காரணம் என்ன?

"தங்கையைப் பார்க்க" என்றாள் சுமதி, ஆங்கிலத்தில்.

தங்கை வியன்னாவில் வசிக்கிறாரா?

"இல்லை. குவைத்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். குவைத்தில் இருக்கிற தங்கையைப் பார்க்க, அமீரகத்திலிருந்து, வியன்னாவுக்கா? தங்கை இப்போது எங்கே?

"வெளியில் நிற்கிறாள். கிளம்பிக்கொண்டிருக்கிறாள்."

அவர் என்னைப் பார்த்தார். விளக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நாட்காட்டிகளைப் பற்றி நான் தொடங்கிவிடுவேன் என்று பயந்தோ என்னவோ, சுமதி என் காலை மிதித்தாள். அதிகாரியின் முகத்தில் ஏதோ ஒன்று இளகியது. முத்திரை குத்திவிட்டார்.

கண்ணாடிக் கதவு திறந்ததும் வித்யா தெரிந்தாள். நான் அழுகையை எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். சேர்த்து வைத்ததெல்லாம் அணை திறந்தது மாதிரி வந்தது. கணேசனும் நானும் இரண்டு டிராலிகளைப் பிடித்துக்கொண்டு, டிரைவர்கள் மாதிரி நின்றோம்.

"ரூம் கிடைச்சுதா நேத்து?" என்றேன்.

"கிடைச்சுது. அதைப் பத்திப் பேச வேணாம் அண்ணே." கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். "வித்யா, யல்லா, கிளம்பு. கவுன்ட்டர் மூடிடுவான்."

"இருங்க, இப்பதான் அந்த டீச்சரோட மாமியார் வந்திருக்கா."

நான் சுற்றிலும் பார்த்தேன். மாமியார் கதையில் வந்திருந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கணேசன், "வித்யா, கலாஸ், போதும். இதுக்கு மேல முடியாது."

வித்யா நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போங்க."

"என்னது?"

"நீங்க கிளம்புங்க. கதை பாதியில நிக்குது. நான் இவங்களோட இருந்துட்டு வர்றேன்."

"டிக்கெட்டு? ஸ்கூலு?"

"ஷட்டவுன் உங்க பிளாண்டுக்குத்தானே? எனக்கு இல்லையே. பிரின்சிபாலுக்கு இப்பவே மெசேஜ் போடறேன்."

கணேசன் டிராலியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அண்ணே, எங்க வீட்டு கேஸ் அடுப்பு எந்தப் பக்கம் திருப்பினா எரியும்னு எனக்குத் தெரியாது."

சுமதி எழுந்து, கைப்பையிலிருந்து புளியோதரைப் பொட்டலத்தை எடுத்து அவர் கையில் வைத்தாள். "ஃப்ளைட்ல சாப்பிடுங்க தம்பி." சிறையிலிருந்து விடுதலை ஆகிறவனுக்குக் கொடுக்கிற மாதிரி அல்ல, சிறைக்குப் போகிறவனுக்குக் கொடுக்கிற மாதிரி இருந்தது.

வியன்னாவில் அக்காவும் தங்கையும் பார்த்தது ஒரு காபிக்கடையின் மூலை மேசை மட்டும். அரண்மனை, அருங்காட்சியகம், ஓவியக்கூடம், எல்லாவற்றுக்கும் நான் தனியாகப் போனேன். ஞாயிறு உச்சிவேளையில் கடிகாரத்தின் கீழே தனியாக நின்றேன். பொம்மைகள் கம்பீரமாக வந்து போயின. வீடியோ எடுத்துக் கணேசனுக்கு அனுப்பினேன். உடனே பதில் வந்தது: "இதை நான் முந்தாநாளே பார்த்தாச்சு. முட்டை எவ்வளவு நேரம் வேகணும்?"

அன்றிலிருந்து வருடத்துக்கு ஒருமுறை அக்காவும் தங்கையும் ஐரோப்பாவில் ஒரு நகரத்தைத் தேர்ந்தெடுத்துப் போகிறார்கள். இரண்டு பேர் மட்டும். கோட்டையும் கோபுரமும் அவர்கள் கணக்கிலேயே இல்லை. எழுப்பி விடாத நாற்காலி இருந்தால் போதும். திருச்சியில் எந்த வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்தாலும் என் பெயருக்கு வருவதில் மட்டும் கிழமைக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டிருக்கும்.

இந்த வருடம் சுமதியை துபாய் விமான நிலையத்தில் இறக்கிவிட்டேன். பெட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டு, பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்.

"என்னிக்குத் திரும்பறே?"

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தபடியே சொன்னாள்.

"வந்ததும் சொல்றேன்."