தொந்தி இல்லப்பா, வீக்கம்

காஞ்சிபுரம்,
பங்குனி, 1974.

மகாராஜராஜஸ்ரீ வாலாஜாபாத் மச்சான் ராஜகோபால் அவர்கள் சமூகத்துக்கு, ஏனாத்தூர் கண்ணாயிரம் அனேக நமஸ்காரம். நானும் உங்கள் தங்கை தேவகியும் இவ்விடம் நலம் என்று போன வாரம் எழுதியிருந்தால் அது பொய். இன்று துணிந்து எழுதலாம். உங்கள் மருமகன் பிழைத்துவிட்டான்.

தாய்மாமன் என்ற உரிமையில் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வந்த உங்களை டாக்டரம்மா ஏலவார்குழலி வார்டு வாசலிலேயே திருப்பி அனுப்பியதில் உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம்தான். வெள்ளிக் கிண்ணமும் கையுமாக நின்ற உங்களைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் நீங்கள் பஸ் ஏறிய பிறகு நடந்ததைக் கேட்டால் கோபம் போன இடம் தெரியாது. ஏழாம் மாதத்திலேயே பிறந்து, பஞ்சில் பொதிந்து எலிக்குஞ்சு மாதிரி கிடந்த பையனுக்குத் திடீரென்று வயிறு வந்தது. வந்தது என்றால், உருண்டு திரண்டு மினுமினுவென்று வந்தது. என் அத்தை கமலவேணி, பிள்ளைக்குத் தேகம் பிடித்துவிட்டது, சாட்சாத் பிள்ளையார் தொந்தி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் கண் பட்டுவிடுமே என்று முந்தானைக்குள் ஒளித்து வந்த உப்பு மிளகாயை அந்த வயிற்றுக்குச் சுற்றினாள். நானும் பெருமை பிடிபடாமல் வராந்தாவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன். பையன் பச்சையாகக் கக்கியபோது தேவகி மட்டும் பயந்தாள். அத்தையோ, "சும்மா இரும்மா. சொன்னா பாலை நிறுத்திடுவாங்கோ. கொயந்த இப்பத்தான் தேறிக்கினு வருது" என்று அவளை அடக்கிவிட்டாள்.

துணியில் ரத்தம் கண்டதும் தேவகி போட்ட கூச்சலில் வார்டே எழுந்துவிட்டது. டாக்டரம்மா ஓடி வந்தார். பால் நிறுத்தம், மூக்கில் குழாய், தலையில் நரம்பு தேடி குளுக்கோஸ், ஊசிமேல் ஊசி. பிறகு என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இது தொந்தி இல்லப்பா, வீக்கம். குறை மாசக் குழந்தைக்குக் குடல் இன்னும் முத்தியிருக்காது. அது புண்ணாகி, அழுகி, ஓட்டைகூட விழுந்துடும். வயிறு உப்பினா, பச்சையா கக்கினா, மலத்துல ரத்தம் வந்தா, அந்த நிமிஷமே எங்ககிட்ட சொல்லணும்." குழாய்க்கடியில் முகத்தைக் கழுவுகிற சாக்கில் நன்றாக அழுதேன்.

வயிறு மெல்ல மெல்ல வற்றியது. ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரம்மா சொன்னதும் தலைகால் புரியாமல் பங்குனித் தேர்த் திருவிழாக் கூட்டத்துக்கு ஓடினேன். காணாமல் போன பிள்ளைகளை அறிவிக்கிறவரிடம் கெஞ்சி மைக்கை வாங்கி, "குறை மாசக் கொயந்த, வயிறு உப்பிக்கினு இருக்கும், பச்சையா கக்கும், பாத்தா உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு ஓடுங்க" என்று ஊருக்கே சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். ஜனங்களோ அப்படி ஒரு பிள்ளை தொலைந்துவிட்டதென்று தேர் வடத்தை விட்டுவிட்டுத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். தொப்பையும் பஞ்சுமிட்டாயுமாக நின்ற ஒரு பயலை யாரோ தூக்கி வந்து என் கையில் திணிக்க, பின்னாலேயே வந்த அவன் அம்மா என் பரம்பரையையே கழுவி ஊற்றினாள். மைக்கையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் மாகறல்காரி ஒருத்தி, மைக்கில் கேட்டதை நினைத்துப் பயந்து, தன் குறை மாதப் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். சரியான நேரத்தில் வந்தாள் என்றார் டாக்டரம்மா. திட்டு வாங்கினது வீண் போகவில்லை.

ஆகவே நீங்களும் சந்தையில் நாலு பேரிடம் சொல்லுங்கள். ஆனால் மூன்று மாதம்வரை இந்தப் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்க்கக் கூடாது. சர்க்கரைத் தண்ணீர், கழுதைப் பால், வசம்பு, எதுவும் வரக் கூடாது. இது என் கண்டிப்பான உத்தரவு. உங்கள் வீட்டு லோகாம்பாள் அக்காவுக்கு வணக்கமும் பிள்ளைகளுக்கு ஆசியும் சொல்லவும்.

இப்படிக்கு,
பயம் தெளிந்த
கண்ணாயிரம்

பி.கு.: ஒட்டிய கவரைப் பிரித்து எழுதுகிறேன். டாக்டரம்மா தேவகியின் பாலையே சொட்டுச் சொட்டாகக் கொடுக்கச் சொன்னார். கொடுத்தாயிற்று. கக்கவில்லை, வயிறும் உப்பவில்லை. மேலே போட்ட உத்தரவைக் கிழித்துப் போட்டுவிட்டு முதல் பஸ்ஸில் புறப்பட்டு வாருங்கள். பையன் இன்னும் பால் வேண்டுமென்று வீறிட்டு அழுகிறான், மச்சான். பசிக்கு அழுகிறான். தாய்மாமன் வந்து கேட்க வேண்டாமா?